பார்க்கில் போட்ட வண்டி

அந்த வட்டாரத்தில் எந்த ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணினாலும், நாலு இடம் அலைந்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்கிற இடம் டாக்டரின் பட்டறைதான். டாக்டர் என்பது படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஊசி போடுகிற டாக்டர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அதே குழாயைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையில் ஒரு நீளக் கம்பியைப் பொருத்தி, ஓடுகிற கியர்பாக்ஸின் வயிற்றில் வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது கிளட்ச் தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது கிளட்ச்தான் தேய்ந்திருக்கும். இருபத்தைந்து வருஷமாகச் சொன்னது சொன்னபடியே நடந்தால் எந்த மனுஷனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். இவருக்கு வந்தது கொஞ்சம் இல்லை. வண்டி பேசுவதை உட்கார்ந்து கேட்பார். வண்டியைக் கொண்டுவந்த ஆள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அன்று காலை எட்டு மணிக்கு வந்தது அவருடைய தங்கையின் வண்டி. இருபத்திரண்டு வயசான சாம்பல் நிற வண்டி. தங்கையின் கணவர், அதாவது டாக்டரின் மாப்பிள்ளை, ஆபீஸ் போகிற வழியில் ஓட்டிவந்தார். தங்கை பக்கத்து சீட்டில் இருந்தாள்.

"மச்சான், ரெண்டுலேருந்து மூணுக்கு மாறுறப்ப கழுதை மாதிரி ஒதைக்குது," என்றார் மாப்பிள்ளை. "நேத்து மேட்டுல ஏறுறப்ப இஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது."

"ஆயில் கருகியிருக்கும். பாத்துடலாம்."

"சில நாள் சாவியத் திருப்பினா ஸ்டார்ட்டே ஆகலண்ணே," என்றாள் தங்கை. "கியர் கம்பிய ஒரு ஆட்டு ஆட்டினா ஆகுது."

"பேட்டரி முனையில அழுக்கு சேந்திருக்கும். அதையும் தேச்சுத் தரேன்."

"அப்புறம் இன்னொண்ணு..." என்று இழுத்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சொல்லு சொல்லு. என்கிட்ட சொன்னத உங்கண்ணன்கிட்டயும் சொல்லு. அவரும் கொஞ்சம் சிரிக்கட்டும்."

"கியரப் பார்க்குல போட்டுட்டு இறங்கினா, சில நேரம் வண்டி தானா நகருதுண்ணே. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

டாக்டர் சிரிக்கத்தான் செய்தார். "பார்க்குன்னா என்னன்னு நெனச்ச? உள்ள ஒரு இரும்புப் பல்லு போய்ப் பல்சக்கரத்தக் கவ்விக்கும். யானையக் கட்டி இழுத்தாலும் அசையாது. நீ எதையோ யோசிச்சுக்கிட்டே அரகொறையா தள்ளியிருப்ப."

"இல்லண்ணே, நல்லாத்தான்..."

"இருங்க மச்சான், இன்னும் இருக்கு." மாப்பிள்ளை பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். மகள் குட்டியின் குடை, தண்ணீர் பாட்டில், அவற்றுக்கு நடுவில் செங்கல் அளவில் ஒரு மரக்கட்டை. "இதான் உங்க தங்கச்சியோட ஹேண்ட் பிரேக். வீட்டு முன்னால நிறுத்துறப்பல்லாம் இறங்கி ஓடிப்போய் சக்கரத்துக்குப் பின்னால இத வெப்பா. தெருவே வேடிக்கை பாக்குது."

"நெஜ ஹேண்ட் பிரேக்கு எங்க மேட்டுல நிக்கிறதில்லையே," என்றாள் தங்கை. குரல் இறங்கியிருந்தது.

"அத இன்னொரு நாள் இறுக்கித் தரேன். இப்ப இது உனக்குத் தேவையில்ல." டாக்டர் கட்டையை எடுத்துத் தன் வேலை மேஜைமேல் வைத்தார். இரண்டு ஆண்களும் மறுபடி சிரித்தார்கள். ஒரு பெண் தன் கண்ணால் கண்டதைச் சொல்லி, அதற்கு வீட்டு ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்துவிட்டால், அப்புறம் அவள் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனதும் டாக்டர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்தார். எதிர்பார்த்தபடியே ஆயில் கருங்காப்பி நிறத்தில், தீய்ந்த வாசனையோடு வடிந்தது. அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது. ஃபில்டர் அடைத்துக் கிடந்தது. உள்ளே ஆயிலைத் திறந்துவிடுகிற சின்ன வால்வுகளில் ஒன்று பாதி செத்திருந்தது. ஆக, மூன்றாவது கியர் உதைப்பதற்குக் காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது. டாக்டருக்கு மனசு குளிர்ந்தது.

அந்த வண்டியில் ஒரு தொல்லை உண்டு. வால்வைக் கழற்ற வேண்டும் என்றால், டிரைவர் கைப்பக்கத்து கியர் கம்பியிலிருந்து கீழே வரும் கேபிளை முதலில் விடுவிக்க வேண்டும். சாதாரணமாக அது மல்லுக்கட்டும். நெம்புகோல் வைத்து நெம்பி, நாலு வசவு வைதால்தான் வரும். அன்றைக்கு இரண்டு விரலால் இழுத்ததும் கழன்று வந்துவிட்டது. 'கைராசி' என்று சொல்லிக்கொண்டார். இந்தத் தொழிலில் எதுவும் சுலபமாகக் கழன்று வந்தால் ஒரு நிமிஷம் நின்று ஏன் என்று கேட்க வேண்டும். அதை அவரே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

புது வால்வு, புது ஃபில்டர், புது ஆயில். கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு வெளியே ஓட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கியர் மாறுவதே தெரியவில்லை. ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். நிறுத்தும்போது அவருக்கு ஒரு பழக்கம். முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுப்பார், பிறகு பார்க்கில் போடுவார், போட்ட கையோடு சாவியைத் திருப்பி இஞ்சினை அணைப்பார். அதற்குப் பிறகுதான் இறங்குவார். பட்டறையில் வேலை பழகிய முதல் வாரத்திலிருந்து ஒரு நாள்கூட இந்த வரிசையை மாற்றியதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நல்ல பழக்கத்தால், அவர் பட்டறையின் சமதளத் தரையில் எந்த வண்டியும் பார்க்கை மட்டும் நம்பி நின்றதே இல்லை என்பது அவருக்குத் தோன்றியதும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் தங்கை வந்தாள்.

"எல்லா கியரும் பூ மாதிரி மாறுது. பேட்டரி முனையும் பளபளன்னு தேச்சாச்சு," என்றார்.

"பார்க்கு?"

"அதுக்கென்ன? பார்க்குல போட்டா நிக்கும். தைரியமா இறங்கு. நான் சொல்றேன்ல."

அவள் மேஜைமேல் இருந்த கட்டையை ஒரு தரம் பார்த்தாள். கேட்கவில்லை. "அப்ப நாந்தான் சரியா போடல போல," என்று லேசாகச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து டாக்டர் இன்னொரு வண்டியைப் பார்த்தார். மூன்றரை மணி வாக்கில், காலையில் ஆயில் பிடித்த தட்டைக் கழுவலாம் என்று மண்ணெண்ணெய் ஊற்றி அலசினார். கறுப்புக் கசடோடு வடிகட்டுகிற வலையில் ஏதோ ஒன்று தங்கியது. எடுத்து விரலால் தேய்த்தார். நகம் அளவு, பழுப்பேறிய பிளாஸ்டிக். ஒரு வளையத்தின் பாதி.

கியர்பாக்ஸின் உள்ளே அப்படி ஒரு பிளாஸ்டிக் சாமான் கிடையாது. உள்ளே இல்லை என்றால் வெளியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். தட்டு இருந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருந்தது? டாக்டர் கையில் அதை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலே இப்போது வேறு வண்டி. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது காலையில் இரண்டு விரலில் கழன்று வந்த கேபிள் முனை.

டிரைவர் கையில் இருக்கும் கம்பிக்கும் அடியில் இருக்கும் கியர்பாக்ஸுக்கும் உறவு அந்த ஒரு கேபிள்தான். கேபிளின் முனையில் இந்த வளையம். வளையம் பிய்ந்தால் கேபிள் தொளதொளவென்று ஆடும். மேலே கம்பி பார்க்கில் போய் நிற்கும். கீழே கியர்பாக்ஸ் பார்க்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். இரும்புப் பல் கவ்வாது, விளிம்பில் சும்மா தொத்திக்கொண்டு நிற்கும். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நடுக்கத்தில் மெதுவாக நழுவும். பார்க்குக்கு அடுத்து இருப்பது ரிவர்ஸ்.

ஒவ்வொன்றாக வந்து நின்றன. கம்பியை ஆட்டினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றாளே, அது பேட்டரி இல்லை; கியர்பாக்ஸ் பார்க்குக்கு வந்து சேரவில்லை, அதனால் ஸ்டார்ட் ஆக மறுத்திருக்கிறது. தானாக நகர்கிறது என்றாளே, அதுவும் இதுதான். அந்தப் பெண் நோயை முழுசாகச் சொல்லியிருக்கிறாள். குழாய் மாட்டிய காதில் அது ஏறவில்லை. இத்தனை நாள் வளையம் விரிசல் விட்டு எப்படியோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பாதியாகப் பிய்த்துக் கீழே போட்டது டாக்டரின் அதே இரண்டு விரல்தான். இனிமேல் சில நேரம் மட்டும் என்று இல்லை. இறங்குகிற எந்த நேரமும் நகரலாம்.

கையைக்கூடத் துடைக்காமல் தங்கைக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"மாப்ள, தங்கச்சி எங்க?"

"குட்டியக் கூட்டிட்டு வரப் போயிருப்பா. ஸ்கூல் விட்டிருக்குமே. ஏன் மச்சான்?"

"போன எடுக்க மாட்டேங்குறா."

"வண்டி ஓட்டுறப்ப எடுக்க மாட்டா. நீங்க போட்ட சட்டம்தான அது?" மாப்பிள்ளை சிரித்தார்.

"வீட்டுக்கு வந்ததும் என்ன பண்ணுவா? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"என்ன பண்ணுவா... கேட்டுக்கு முன்னால நிறுத்துவா. இறங்கிக் கேட்டத் தெறப்பா. அப்புறம் வண்டிய உள்ள விடுவா."

"இஞ்சின அணைப்பாளா?"

"ஒரு நிமிஷ வேலைக்கு யாரு அணைப்பா?"

"குட்டி?"

"குட்டி எறங்கி பின்னால போவா. டிக்கிய அவதான் தெறக்கணும், அவ பைய அவதான் எடுக்கணும், இல்லன்னா வீடு ரெண்டாயிடும்..." மாப்பிள்ளை பேச்சை நிறுத்தினார். போனில் அவருடைய ஆபீஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. "மச்சான். அவ சொன்னது..."

"நெஜம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பத்து நிமிஷப் பாதை. வழியில் ஒரு சிக்னலில் சிவப்புக்கு நின்றார். நிற்க முடியாமல் அதை மீறிப் போனார். பின்னால் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். டிக்கியில் ஒரு கட்டை இருந்தது, அதை ஏன் எடுத்தாய், அதை ஏன் எடுத்தாய் என்று மனசு ஒரே கேள்வியைப் போட்டு அரித்தது. அது அவள் கையில் இருந்திருந்தால் இந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது. அவளுடைய பயம் இத்தனை மாதம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. இவர் அந்தப் பயத்தை ஒரே நாளில் குணப்படுத்தி அனுப்பிவிட்டார்.

தங்கையின் தெரு ஏற்றம். வீடு மேலே. கீழ்முனையில் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது இரண்டு சிவப்பு பிரேக் விளக்கு. வண்டி கேட்டுக்கு முன்னால் இல்லை. கேட்டிலிருந்து பதினைந்து அடி கீழே, தெருவுக்குக் குறுக்கே கோணலாக நின்றது. கேட்டின் ஒரு கதவு திறந்து கிடந்தது. டிரைவர் பக்கத்துக் கதவும் அகலமாகத் திறந்திருந்தது. டிக்கி வாயைப் பிளந்திருந்தது. பின்சக்கரத்தின் அடியில் ஒரு பள்ளிக்கூடப் பை நசுங்கிக் கிடந்தது.

குட்டியைக் காணவில்லை.

டாக்டர் மோட்டார் சைக்கிளை அப்படியே சாயவிட்டு ஓடினார். சக்கரத்தின் அடியில் குனிந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, ஆனாலும் குனிந்தார். பை மட்டும்தான். நிமிர்ந்தபோது எதிர்வீட்டுப் படியில் குட்டி நிற்பதைப் பார்த்தார். ஒரு காலில் மட்டும் ஷூ. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

"அம்மா அசையாதன்னு சொன்னாங்க மாமா," என்றாள் குட்டி.

தங்கை வண்டிக்குள் பாதி, வெளியே பாதியாக இருந்தாள். ஒரு கால் தெருவில், செருப்பில்லாமல். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்திருந்தது. இன்னொரு கால் பிரேக்கில். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிவந்து பாய்ந்து மிதித்தவள், மிதித்த நிலையிலேயே இருந்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. கத்திக் கூப்பிடக்கூட அவளுக்குப் பயம். கத்தினால் கால் நழுவிவிடுமோ என்று.

"பார்க்குலதாண்ணே போட்டேன்," என்றாள். தலையைத் திருப்பாமல் சொன்னாள். "ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் எறங்கினேன். இப்பவும் பார்க்குலதான் இருக்கு. நீயே பாரு."

எட்டிப் பார்த்தார். கம்பி பார்க்கில்தான் இருந்தது. குழந்தை சாகப் பார்த்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தன்மேல் தப்பில்லை என்று சாட்சி காட்டினாள்.

"தெரியும்மா. உன் மேல தப்பே இல்ல. எல்லாம் என் தப்பு. கொஞ்சம் அப்படியே பிடிச்சுக்க."

பக்கத்துக் காலிமனையில் இடித்துப் போட்ட சுவர் கிடந்தது. அதிலிருந்து பெரிய கற்களாக அள்ளிவந்து பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்று, முன்சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்று என்று அண்டை கொடுத்தார். காலால் உதைத்து இறுக்கினார். அவள்மேல் சாய்ந்து சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். ஹேண்ட் பிரேக்கை வருகிற மட்டும் இழுத்தார்.

"முடிஞ்சுது. கால எடும்மா."

அவள் எடுக்கவில்லை.

"எடும்மா. இனிமே நகராது. நான் சொல்றேன்ல."

தங்கை அப்போதுதான் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். முன்பின் தெரியாத ஒருவன் வழி சொல்லும்போது, இவனை நம்பலாமா என்று பார்க்கிற பார்வை அது.

வாயால் சொல்வதற்கு இனி மதிப்பில்லை என்பது டாக்டருக்குப் புரிந்தது. பின்னால் போனார். பை எடுக்கக் குட்டி நின்றிருந்த மாதிரியே, டிக்கிக்கு நேராக, பம்பர் முழங்காலைத் தொடுகிற மாதிரி நின்றார். கல் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"இப்ப எடு," என்றார். "நான் இங்கயே நிக்கறேன்."

"தள்ளி நில்லுண்ணே."

"பயப்படாத, எடு."

"கால் மரத்துப்போச்சு, ரொம்ப நேரம் தாங்க மாட்டேன்." இத்தனை நேரம் அழாதவள் இப்போது அழுதாள். "சொன்னாக் கேளுண்ணே. தயவு செஞ்சு தள்ளிப் போ."

டாக்டர் தள்ளி நின்றார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்சக்கரத்தடியில் வைத்திருந்த சுண்ணாம்புக் காரைக் கட்டி ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. வண்டி கோணலாக ஒரு முழம் கீழே இறங்கி, அவர் நின்றிருந்த இடத்தை முழுசாக மூடி, முன்சக்கரத்துக் கல்லையும் தள்ளிக்கொண்டு போய் நின்றது. சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.



"வேற மெக்கானிக் யாரையாவது கூப்பிடுண்ணே," என்றாள் தங்கை, முன்னால் பார்த்தபடியே. "வந்து பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருக்கேன்."

போனில் நாற்பது மெக்கானிக்குகளின் நம்பர் இருந்தது. நாற்பது பேரும் கியர்பாக்ஸ் என்றால் இவரிடம் அனுப்புகிறவர்கள். முதலில் வந்த பெயரை அழுத்தினார். விஷயத்தை மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"நீங்களே அங்க இருக்கறப்ப நான் வந்து என்னண்ணே பாக்கப் போறேன்?" என்றது மறுமுனை.

"நான் இருக்கறதாலதான் கூப்பிடறேன்," என்றார் டாக்டர். "சீக்கிரம் வா."